பிரிக்கப்படாத உறைகள்: பெற்றோரின் மெடிகேரும் நம் பொறுப்பும்



நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிவாசலை ஒட்டிய வார இறுதி மதரஸாவில் நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். ஜும்ஆ முடிந்ததும் பெரியவர்கள் சூழ்ந்து நின்று மஸ்அலா கேட்பது வழக்கம். பிரயாணத் தொழுகை, நோன்பின் ஃபித்யா, வாரிசுரிமைப் பங்கு என்று கேள்விகள் வரும். சில ஆண்டுகளாக அவற்றோடு இன்னொரு வகைக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கடிதமொன்றை எடுத்து நீட்டி, "ஹஜ்ரத், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்பார்கள். பெரும்பாலும் அது மெடிகேர் எனப்படும் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிய கடிதமாகவே இருக்கும். வீட்டில் கணினித் துறையில் உயர்ந்த பொறுப்பிலுள்ள மகன் இருப்பார், மருமகளும் படித்தவராயிருப்பார். அவர்களிடம் காட்டாமல் நம்மிடம் ஏன் கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டால், "அவனுக்கு ஆயிரம் சோலி, அதுல இது வேறயா" என்பதே பதில்.

அந்த மகன்களுக்கும் மகள்களுக்குமாகவே இதை எழுதுகிறோம். பெரியவர்கள் படித்தாலும் மகிழ்ச்சியே.

சென்ற ஆண்டு ஒரு பெரியவர், எழுபத்து நான்கு வயது, சர்க்கரை நோய்க்கான ஜனுவியா மாத்திரையைக் கத்தியால் இரண்டாக நறுக்கி, பாதிப் பாதியாகச் சாப்பிட்டு வந்ததை அறிந்தோம். மருத்துவர் சொல்லியன்று; தாமே எடுத்த முடிவு. முன்பு ஒரு வருடம் ஜனவரியில் 47 டாலர் கொடுத்து வாங்கிய மருந்துக்கு, அதே வருடம் அக்டோபரில் 130 டாலருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் தவறு செய்துவிட்டார் என்றே முதலில் எண்ணினாராம். தவறில்லை, அன்றைய சட்டம் அப்படித்தான் இருந்தது. மெடிகேரின் மருந்துக் காப்பீட்டில் ஆண்டின் மருந்துச் செலவு ஒரு வரம்பைக் கடந்ததும் நோயாளியின் பங்கு ஏறும் ஓர் இடைவெளி இருந்தது. 'டோனட் ஹோல்' என்று மக்கள் அதைக் கேலியாகச் சொல்வார்கள். மகனின் கடன் அட்டையில் அந்த 130 டாலர் விழுவதை விரும்பாத வாப்பா, மாத்திரையை நறுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டும் நறுக்கினார். மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போனது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

இதில் நம்மை மிகவும் வருத்தியது ஒன்றுண்டு. அவர் நறுக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே சட்டம் மாறிவிட்டது. 2022 இல் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம், முதியோரின் மருந்துச் செலவைப் படிப்படியாகக் குறைத்தது. 2023 முதல், காப்பீட்டில் அடங்கிய இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்றாயிற்று. அக்கி போன்ற நோய்களுக்கான தடுப்பூசிகள் மருந்துக் காப்பீட்டின் கீழ் இலவசமாயின. 2025 இல் அந்த இடைவெளியே நீக்கப்பட்டது. ஓர் ஆண்டில் நோயாளி தம் கையிலிருந்து செலவிட வேண்டிய உச்சவரம்பு 2,000 டாலர் என நிர்ணயிக்கப்பட்டது. இந்த 2026 இல் அது 2,100 டாலர். அதைத் தொட்ட பின், திட்டத்தில் அடங்கிய மருந்துகளுக்கு அவ்வாண்டு முடியும் வரை எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அரசே மருந்து நிறுவனங்களோடு பேரம் பேசி நிர்ணயித்த முதல் பத்து மருந்துகளின் விலைகள் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஜனுவியா அவற்றில் ஒன்று: முப்பது நாளுக்கு 527 டாலராக இருந்த பட்டியல் விலை, மெடிகேரில் 113 டாலராயிற்று. இரத்தம் உறையாதிருக்க நம் பெரியவர்கள் பலர் உண்ணும் எலிக்விஸும், சர்க்கரைக்கான ஜார்டியன்ஸும் அந்தப் பத்தில் உள்ளன.

இவையெல்லாம் அவருடைய வீட்டுக்குக் கடிதமாக வந்தவையே. மருந்துத் திட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவதற்குள், அடுத்த ஆண்டில் எவை எவை மாறுகின்றன என்று அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அந்த உறைகள் சமையலறை மேசையின் இழுப்பறையில் பிரிக்கப்படாமலே கிடந்தன. விளம்பரம் என்று நினைத்தார்களாம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விளம்பரங்களும் அதே தடிமனில், அதே நிறத்தில்தான் வருகின்றன.

மாற்றமெல்லாம் நன்மைக்கே என்றும் சொல்ல முடியாது. மருத்துவர் கட்டணத்தைக் கவனிக்கும் பார்ட் பி பகுதிக்கு 2025 இல் மாதம் 185 டாலராக இருந்த பிரிமியம் இவ்வாண்டு 202.90 டாலராகிவிட்டது. காப்பீடு தன் பங்கைத் தருவதற்கு முன் நாம் செலவிட வேண்டிய தொகை, பார்ட் பி-யில் 283 டாலர். மருந்துத் திட்டங்களில் 615 டாலர் வரை இருக்கலாம். இதனால்தான் ஜனவரி மாதத்து முதல் மருந்துச் சீட்டு நெஞ்சைப் பதற வைக்கிறது. அந்தச் சுமையை ஆண்டு முழுவதும் மாதத் தவணையாகப் பிரித்துச் செலுத்த 2025 முதல் வழி இருக்கிறது. வட்டி கிடையாது என்பதை நம் வாசகர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். ஆனால் திட்ட நிறுவனத்திடம் நாமே கேட்டுச் சேர வேண்டும்.

இனி, தகுதி. அயலகத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் கதை இங்கேதான் மற்றவர்களின் கதையிலிருந்து வேறுபடுகிறது.

இந்நாட்டில் பத்தாண்டுகள், அதாவது நாற்பது வரவுகள் சேரும்வரை, ஊதிய வரி கட்டி உழைத்தவருக்கு அறுபத்தைந்து வயதில் மருத்துவமனைப் பகுதியான பார்ட் ஏ மாதக் கட்டணமின்றிக் கிடைக்கும். நம் வாப்பாமார்களோ ஜித்தாவிலும் குவைத்திலும் துபாயிலும் முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். அந்த உழைப்புக்கு இங்கே ஒரு வரவும் இல்லை. சென்னையிலோ திருச்சியிலோ பார்த்த அரசு வேலைக்கும் இல்லை. இந்தியாவோடு அமெரிக்காவுக்கு அத்தகைய சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது. மகன் இருபது ஆண்டுகள் கட்டிய வரியும் தந்தைக்குக் கணக்கில் சேராது. "புள்ளை கட்டுறானே, அது போதாதா?" என்று கேட்காத பெரியவர் அரிது. போதாது. மகனின் அலுவலகக் காப்பீடும் மனைவி மக்களை ஏற்குமேயன்றிப் பெற்றோரைப் பெரும்பாலும் ஏற்காது.

கிரீன் கார்டு பெற்று, தொடர்ந்து ஐந்தாண்டுகள் இங்கே வசித்த முதியவர் கட்டணம் செலுத்தி மெடிகேரில் சேரலாம். வரவுகள் முப்பதுக்கும் குறைவாக இருந்தால் பார்ட் ஏ-க்கு இவ்வாண்டு மாதம் 565 டாலர். முப்பது முதல் முப்பத்தொன்பது வரை இருந்தால் 311 டாலர். வரவே இல்லாத தாய் தந்தை இருவருக்கும் இரு பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் மாதம் 1,535.80 டாலர் ஆகிறது. இந்த எண்ணைக் கேட்டதும் முகம் வாடிய மகன்களைப் பார்த்திருக்கிறோம். வருமானம் மிகக் குறைந்தோரின் கட்டணத்தை மாநிலமே ஏற்கும் மெடிகேர் சேவிங்ஸ் திட்டங்கள் இருக்கின்றன. விண்ணப்பிக்காமல் அவையும் வந்து சேர்வதில்லை.

இங்கே ஓர் உம்மாவைச் சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு வயதில் மகனோடு குடியேறியவர்; ஊரில் வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாதவர். பள்ளிக்கூட உணவறையில் பகுதி நேர வேலை கிடைத்தபோது உறவினர் சிலர் முகம் சுளித்தனர். அவர் போனார், பத்தாண்டுகள் போனார். ஒரு வரவுக்குத் தேவையான வருமானம் இவ்வாண்டுக் கணக்கில் 1,890 டாலர். ஆண்டுக்கு நான்கு வரவுகள் வரைதான் சேரும். ஆகவே சிறிய வேலையே போதும். இன்று அவருக்கு பார்ட் ஏ கட்டணமில்லை. வேலையே பார்த்திராத அவர் கணவருக்கும் மனைவியின் வரவால் கட்டணமில்லை. அறுபதுக்கு முன் பெற்றோரை அழைத்து வருவோர் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

ஐந்தாண்டு நிறைவடையும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்திருப்போர் நம்மில் மிகச் சிலரே. அந்த மாதத்தைச் சுற்றித்தான் அவர்களுக்குரிய முதல் பதிவுக் காலம் அமைகிறது. ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் 'தொடர்ச்சி' கேள்விக்குள்ளாகலாம். பேத்தியின் கல்யாணம், அதைத் தொட்டு ரமலான், பிறகு வீட்டு மராமத்து என்று நம்மவர் பயணம் நீளும் இயல்புடையது.

கடந்த ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டத்துக்குப் பின், கிரீன் கார்டு வைத்திருப்போருக்கு இனி மெடிகேர் இல்லை என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அது சரியன்று. குடியுரிமை பெற்றோரும் கிரீன் கார்டு உடையோரும் தகுதியோடே இருக்கின்றனர். தகுதியை இழப்போர் வேறு சிலர்: அகதிகளாகவோ அடைக்கலம் பெற்றோராகவோ, தற்காலிகப் பாதுகாப்பின் கீழோ இருந்து, இன்னும் கிரீன் கார்டு பெறாதவர்கள். வரி கட்டி நாற்பது வரவுகள் சேர்த்திருந்தாலும் அவர்களுக்கு இல்லை. ஏற்கெனவே மெடிகேரில் இருப்போரும் 2027 ஜனவரித் தொடக்கத்திற்குள் நீக்கப்படுவர். ஈழத்திலிருந்து வந்து அடைக்கலம் பெற்ற சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடைக்கலம் கிடைத்து ஓராண்டு ஆனவர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். தள்ளிப் போட்டிருந்தால் இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். புதிதாக வந்த பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல். ஐந்தாண்டு ஆகும் வரை அவர்கள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்கலாம். ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழ் வருமானமுள்ள புதிய கிரீன் கார்டுக்காரர்களுக்கு அங்கே கிடைத்து வந்த அரசு உதவி 2026 முதல் நின்றுவிட்டது. விசா விண்ணப்பிக்கும் முன்பே குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய செலவு இது.

இந்நாட்டிலேயே உழைத்து அறுபத்தைந்தை எட்டும் நம் தலைமுறையினருக்கு வேறொரு ஆபத்து. அறுபத்தைந்து நிறையும் மாதத்துக்கு முன் மூன்று மாதம், அந்த மாதம், பின் மூன்று மாதம் என்று ஏழு மாதமே முதல் வாயில். 2023 முதல், எந்த மாதம் பதிந்தாலும் அறுபத்தைந்து ஆனவருக்கு அடுத்த மாதமே காப்பீடு தொடங்கிவிடுகிறது; முன்பிருந்த நீண்ட காத்திருப்பு இல்லை. ஆனால் வாயிலைத் தவறவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுப் பதிவுக்குக் காத்திருக்க வேண்டும். தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பார்ட் பி கட்டணத்தில் பத்து விழுக்காடு தண்டம் ஏறும். மூன்றாண்டு தாமதித்தவருக்கு இன்றைய கணக்கில் மாதம் ஏறத்தாழ 61 டாலர் கூடுதல். அது ஒருமுறை கட்டித் தீரும் தண்டமன்று. பார்ட் பி இருக்கும் காலமெல்லாம் தொடரும். மருந்துக் காப்பீட்டுக்கும் இதே போன்ற தனித் தண்டம் உண்டு. வேலையில் இருந்து, அலுவலகக் காப்பீடும் இருப்பவருக்கு விலக்கு இருக்கிறது. வேலையோ காப்பீடோ முடிந்தபின் எட்டு மாதம் அவகாசம். ஆனால் இருபது பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நிறுவனமானால் மெடிகேரே முதல் காப்பீடு. அங்கே மெடிகேரில் சேராதவரின் பில்லை நிறுவனக் காப்பீடு தள்ளிவிடலாம். மளிகைக் கடையும் எரிபொருள் நிலையமும் நடத்தும் நம் சகோதரர்களில் எத்தனை பேர் இருபது பணியாளர்களுக்கு மேல் வைத்திருக்கிறார்கள்? வேலை விட்டபின் சொந்தப் பணத்தில் நீட்டிக்கும் கோப்ரா காப்பீட்டை நம்பி எட்டு மாதத்தைக் கடத்தியோரும் தண்டத்தில் விழுகின்றனர்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, ஏற்கெனவே மெடிகேரில் இருப்போர் தம் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் காலம். ஒவ்வொருவர் மருந்துப் பட்டியலுக்கும் ஏற்ற திட்டம் ஆண்டுக்காண்டு வேறாகலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டங்களைப் பற்றி நம் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறோம்: பல் வைத்தியமும் கண்ணாடியும் தருகிறார்கள், மாதக் கட்டணமும் குறைவு, உடல் நலமாயிருக்கும் வரை நன்றாகவே இருக்கின்றன. நோய் முற்றியபின், இந்த மருத்துவர் எங்கள் வலைப்பின்னலில் இல்லை, இந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி வேண்டும் என்ற சொற்கள் வரத் தொடங்குகின்றன. அப்போது மூல மெடிகேருக்குத் திரும்பலாம். ஆனால் அதன் ஓட்டைகளை அடைக்கும் மெடிகேப் காப்பீட்டை, பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனங்கள் நோயைக் காட்டி மறுக்க இயலும். அறுபத்தைந்து கடந்து பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் மறுக்க முடியாது. அந்த ஆறு மாதம் போனால் அவ்வளவு எளிதில் திரும்பாது. மூல மெடிகேரிலும் இவ்வாண்டு ஜனவரி முதல், நியூ ஜெர்சி, டெக்ஸாஸ் உட்பட ஆறு மாநிலங்களில் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு முன் பரிசீலனை சோதனை முறையில் தொடங்கியிருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கான முழங்கால் உள்நோக்கிச் சிகிச்சை அவற்றில் ஒன்று. நாளைக் குறிக்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உம்ரா செல்வோரும் ஊருக்குப் போவோரும் அறிய வேண்டியது: அமெரிக்காவுக்கு வெளியே மெடிகேர் பெரும்பாலும் எதையும் தராது. மக்காவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும் தராது. சில மெடிகேப் வகைகள் பயணத்தின் முதல் அறுபது நாளில் நேரும் அவசரச் சிகிச்சையில், 250 டாலர் கழித்து, எண்பது விழுக்காட்டைத் தருகின்றன. ஆயுளுக்கு 50,000 டாலர் உச்சம். இல்லாதவர் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும்.

"ஹஜ்ரத், இன்சூரன்ஸ் கூடுமா?" என்ற கேள்வியும் வரும். வணிகக் காப்பீடு பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை யாவரும் அறிவோம். மெடிகேர் 1965 இல் அரசு இயற்றிய சமூகத் திட்டம். தொழிலாளியின் ஊதியத்தில் 1.45 விழுக்காடும் முதலாளி தரும் அதே அளவும் அதற்குப் போகின்றன. நம் சம்பளத்திலும் பிடித்தம் ஆகிக்கொண்டேதான் இருக்கிறது. ஐயமுள்ளவர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. தெளியும் வரை பதிவுக் காலம் காத்திருக்காது. பெற்றோரின் பிரிமியத்தை ஜகாத்தில் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். யாரைப் பராமரிப்பது நம்மீது கடமையோ அவருக்கு நம் ஜகாத்தைக் கொடுக்க இயலாது என்பது ஃபிக்ஹில் அறியப்பட்ட விதி. வாப்பாவின் பிரிமியம் நம் சொந்தப் பையிலிருந்து போக வேண்டியது.

மதரஸாவில் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், பாட்டனாரோடு மருத்துவமனைக்குச் சென்று சிறுநீரகம் பற்றி மருத்துவர் சொன்னதை மொழிபெயர்த்ததாகப் பெருமையோடு சொன்னான். 'கிரியாட்டினின்' என்ற சொல்லை அவன் அழகாக உச்சரித்தான். பாட்டனாரின் மரண பயத்தையும் அவனே தமிழாக்கம் செய்திருக்கிறான் என்பது வீட்டாருக்குத் தோன்றவில்லை. மருத்துவமனையிலும், மெடிகேரின் 1-800-633-4227 என்ற எண்ணிலும் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்னும் இலவச ஆலோசனை அமைப்பு உண்டு. அவர்கள் எதையும் விற்பவர்கள் அல்லர். அழையாமல் தொலைபேசியில் வந்து, "உங்கள் அட்டை எண்ணைச் சொல்லுங்கள், புதிய அட்டை அனுப்புகிறோம்" என்போர் மோசடிக்காரர்கள். மரியாதைக்காகப் பதில் சொல்லிவிடும் பழக்கம் நம் உம்மாமார்களுக்கு உண்டு. தொலைபேசியை வைத்துவிடுவது மரியாதைக் குறைவன்று என்று அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெறாத பெற்றோர் உள்ள வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓய்வூதியம் பெறுவோருக்கு அதிலிருந்தே பிரிமியம் கழிந்துவிடும். மற்றவர்களுக்கு பில் தபாலில்தான் வரும். பார்ட் பி மட்டும் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அது இழுப்பறைக்குள் போய்விட்டால் காப்பீடே இரத்தாகும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்யலாம். ஒரு படிவம், பத்து நிமிட வேலை.

இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு அக்டோபர் 15 க்குப் பின் வரும் முதல் சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், நம் மதரஸா வகுப்பறையில் நான்கு மடிக்கணினிகளோடு அமர இருக்கிறோம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தட்டச்சுக்கு உதவுவர். நோயைப் பற்றிய பேச்சை அவர்கள் காதில் போடாமல் பெரியவர்களே பேசிக்கொள்வர். சிவப்பு, வெள்ளை, நீல நிற மெடிகேர் அட்டையையும், செப்டம்பரில் வந்த உறையையும் கொண்டு வாருங்கள். பிரிக்காமல் கொண்டு வந்தாலும் பரவாயில்லை. மருந்துப் பெயர்களைத் தாளில் எழுதி வர வேண்டாம். எழுத்துப் பிழையில் வேறு மருந்தாகிவிடுகிறது. மாத்திரைப் புட்டிகளை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு, மகனையோ மகளையோ உடன் அழைத்து வாருங்கள். புட்டியில் பாதி மாத்திரைகள் இருந்தால் அதையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள்.